கண்ணில் ஒரு குறையும் இல்லை

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். விடிவதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிடும். பழகிவிட்டால் அது சத்தமாகவே கேட்காது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்ப்போம். எங்கள் வீட்டின் பின்கட்டிலும் தறி உண்டு. அப்பா துண்டு நெய்து கடைகளுக்குப் போட்டுவந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் படிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் எனக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா? அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

தனித்தனி எழுத்து தெரியும். க என்றால் க, ம என்றால் ம. ஆனால் நாலு எழுத்து சேர்ந்து ஒரு சொல்லாக வந்து உட்கார்ந்துவிட்டால் எனக்குள் ஒரு மயக்கம் மாதிரி வரும். கொம்பு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று பார்ப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். ஒரு வரியின் பாதியில் கண் வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடும். வகுப்பில் என் முறை வரும்போது எழுந்து நிற்பேன். எழுத்துகள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் உட்காரச் சொல்வார்கள்.

பின்னே எப்படி ஒன்பதாவதுவரை வந்தேன் என்று கேட்பீர்கள். என் தங்கையால்தான். ஏழாவதில் நான் பெயிலானதால் எனக்கு ஒரு வயது இளையவளான அவளும் நானும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும்படி ஆனது. சாயங்காலம் பின்கட்டுப் படியில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே அவள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே உள்ளே போய்ப் படிந்துவிடும். பரீட்சையில் அதை எழுத்தாக மாற்றும்போதுதான் எல்லாம் கெட்டுப்போகும். எழுதியது எனக்கே புரியாது. ஏதோ கொஞ்சம் மார்க் போட்டுத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கதையைக்கூட இப்போது நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நடுவில் பேனாவை நிறுத்திவிட்டு, "நான் எங்க காலை ஆட்டினேன்?" என்கிறாள்.

என்னைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அது நாகதோஷம். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு அழைத்துப்போய் என் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிவிடுவாள். வெள்ளியில் பாம்பு உரு வாங்கிப் போடுவதாக வேண்டுதலும் இருந்தது. அப்பா சொன்ன காரணங்கள் வேறு. சில வருஷங்களுக்கு முன்னால் எழுத்தைச் சீர்திருத்தினார்கள் இல்லையா, லை, னை, றா எல்லாம் புது உருவத்துக்கு மாறியதே, அந்தக் குழப்பத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்று கொஞ்ச காலம் சொன்னார். தங்கைக்கு அந்தக் குழப்பம் இல்லை என்று தெரிந்ததும், "கண்ணுதான் சரியில்லை" என்றார். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் வேறொரு கடையில் இன்னொரு கண்ணாடி. அது என் மூக்கைவிட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. என்னை மக்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது சொன்னால், "அவளுக்குக் கண்ணு மங்கல்" என்பார்.

காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்தாவதில் அரசாங்கப் பரீட்சை, இந்தப் பிள்ளையை அதுவரை இழுத்துக்கொண்டு போவதில் பிரயோசனம் இல்லை, சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வீட்டில் ஏதாவது வேலை பழக்குங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். வீட்டில் வேலைக்கா பஞ்சம்? தறிக்குத் தார் சுற்ற ஆள் எப்போதும் வேண்டும். நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிற வேலை அது. எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அதன்பிறகு பின்கட்டுப் படியில் பாடம் கேட்க முடியாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கைகட்டி நின்று கேட்டுவிட்டு, "காலாண்டு லீவு முடியட்டும் டீச்சர். மதுரையில கண்ணைக் காட்டிட்டு வந்துருதேன். அதுக்குப் பொறவு நீங்க சொல்லுதபடி செய்யுதேன்" என்றார்.

அப்படித்தான் ஒரு விடியற்காலையில் அப்பாவும் நானும் மதுரை போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். அந்தப் பயணம் இன்றும் எனக்கு ஒரு கனவு மாதிரித்தான் நினைவிருக்கிறது. அப்போது மீட்டர்கேஜ் ரயில், கரி வண்டி. மெதுவாக ஆடிக்கொண்டே போகும். மேற்கே மலை நீலமாக எங்களோடு கூடவே வந்தது. பருத்திக் காடும் சோளக் காடும் பனிக்குள்ளிருந்து எழுந்து எழுந்து மறைந்தன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகை வரும். அப்பா அதை வாய்விட்டுப் படிப்பார், நான் காதில் வாங்கிக்கொள்வேன். "பவர் ஏறியிருக்கும் மக்கா. புதுக் கண்ணாடி போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று நடுவே சொன்னார். எனக்கும் அப்படியே நடந்துவிடும் என்றுதான் தோன்றியது. ஏதோ ஒரு கண்ணாடி இருக்கிறது, அதைப் போட்டதும் எழுத்தெல்லாம் வரிசையாக நின்று என்னோடு பேசத் தொடங்கிவிடும் என்று அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொண்டே போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் நீள வரிசை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிற இடத்தில் எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல என் காது தானாக அதை வாங்கி வைத்துக்கொண்டது. வேண்டுமென்று செய்ததில்லை. என் காது அப்படிப் பழகியிருந்தது. என் முறை வந்ததும் அவர் சொன்னதை அதே வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன்.

பக்கத்தில் நின்ற டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். திடீரென்று என்னை நிறுத்தி, "கடைசிக்கு முந்தின எழுத்து என்ன சொன்ன?" என்று கேட்டார். "ழ" என்றேன். அது ம. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கண் தெரியாமல் ழ என்று சொல்லியிருந்தார். அவருடைய தப்பையும் சேர்த்து நான் ஒப்பித்துவிட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் திட்டவில்லை. பலகையைத் திருப்பி வேறு எழுத்துகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் குச்சியால் தொட்டுக் கேட்டார். நின்று நிதானமாகச் சொன்னேன். அடிவரியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துவரை சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் சொன்னேன். பிறகு அவர் என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து இதைப் படி என்றார். கொட்டை எழுத்தில் இரண்டே வரி. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் அவர் அவசரப்படுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு கண்ணில் மருந்து ஊற்றி உட்கார வைத்தார்கள். மருந்து ஏற ஏறக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கியது. ஜன்னல் வெளிச்சம் பால் மாதிரி வழிந்து அறை முழுவதும் பரவியது. என் கை விரல்களே புகை மாதிரித் தெரிந்தன. பயமாக இல்லை. எனக்கு எப்போதும் இருக்கிற மயக்கம் இன்றைக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

உள்ளே கூப்பிட்டு விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க. ரொம்ப நல்ல கண்ணு. இந்தக் கண்ணாடிகூட வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நல்ல சேதி சொன்னதும் இப்படி ஒடிந்துபோகிற தகப்பனை அந்த டாக்டரம்மா அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

"நல்லாப் பாருங்கம்மா" என்றார் அப்பா. "கொஞ்சமாவது பவர் இருக்கும்லா?"

டாக்டரம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அப்பாவை உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார். புத்தி நன்றாக இருந்தும் படிக்க மட்டும் வராத பிள்ளைகள் உண்டு, அதைச் சோதித்துப் பார்க்கிற ஒரு அம்மா மதுரையிலேயே இருக்கிறார், நம் பக்கத்தில் இது இன்னும் பலருக்குத் தெரியாது என்றார். வேறொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, அங்கே மனநலப் பிரிவில் கேளுங்கள் என்றார். அந்த மனநலம் என்ற சொல்லுக்குப் பிறகு அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

அவர் பயம் எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டில் இரண்டு பொம்பளைப் பிள்ளைகள். ஒருத்தியை மூளைக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், இரண்டு பேரின் வாழ்க்கையும் அதோடு முடிந்தது என்று நினைக்கிற காலம் அது.

உச்சிவெயில். மருந்து ஊற்றிய கண்ணில் வெளிச்சம் கூசியது. அப்பா தோளில் கிடந்த துண்டை என் தலைமேல் போட்டுவிட்டார். அந்தத் துண்டின் நிழலுக்குள்ளிருந்து பார்க்கும்போது பஸ்கள் எல்லாம் தண்ணீரில் மிதந்து வருவது போல இருந்தன. ஒரு பஸ் திரும்பி எங்களுக்கு எதிரில் வந்து நின்றது. அப்பா ஏதோ யோசனையில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எந்த ஊருன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்து. வெள்ளையும் சிவப்புமாக ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "மருந்து ஊத்துனதுனால தெரியலையோ?" என்று அவரே கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருஷமும் கண்ணு மங்கல் என்ற வார்த்தைக்குள்தான் நானும் ஒளிந்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தையும் போய்விட்டது. டாக்டரம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

"இல்லப்பா" என்றேன். "எழுத்து நல்லாத் தெரியுது. எனக்குத்தான் படிக்க வரலை. எப்பவுமே வந்ததில்லை."

அப்பா பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். அதில் சங்கரன்கோவில் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்ப் பெயர். நான் பிறந்து வளர்ந்த ஊரின் பெயர்.

கண்டக்டர் ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று கூவிக் கூவி ஆள் ஏற்றினார். எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஏறினார்கள். அப்பா நகரவில்லை. பஸ் கிளம்பி, திரும்பி, வெளியே போவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தலைமேல் இருந்த துண்டைச் சரிசெய்துவிட்டு, "அந்தம்மா சொன்ன இடத்துக்குப் போவோம் வா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய கட்டடங்களைத் தாண்டிப் பின்பக்கம் ஓட்டுக்கூரை போட்ட ஒரு அறை. வாசலில் வேப்பமரம். அங்கே இருந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலை, வலது கையில் வாட்ச். எங்கள் கதையைக் கேட்டார். என் கண்ணைப் பார்த்தார். மருந்து இறங்காமல் எதையும் சோதிக்க முடியாது, நாளைக் காலையில் வாங்க என்று சொல்லிவிட்டார்.

மாற்றுத்துணிகூடக் கொண்டுபோகவில்லை. அப்பாவுக்கு நூல் கொடுக்கிற ஒரு வியாபாரியின் கிட்டங்கி மாடியில் தங்கினோம். மாடி முழுவதும் நூல் பேல்கள். பஞ்சும் கஞ்சியும் கலந்த வாசனை. சாயங்காலம் அப்பா தெருமுனையில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். இருட்டுவதற்குள் நான் ஒரு நூல் கட்டின்மேல் சாய்ந்து தூங்கிப்போனேன். தறிச்சத்தம் இல்லாமல் நான் தூங்கிய முதல் நாள் அது. காதுக்குள் ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது, அதற்குள் நான் மெதுவாக விழுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் அந்த அறையில் நடந்ததைச் சோதனை என்று சொல்லவே எனக்கு மனசு வராது. அப்பாவை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அந்த அம்மா என்னோடு விளையாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். படங்களைக் கலைத்துப் போட்டுக் கதையாக அடுக்கச் சொன்னார். வழி தெரியாத கட்டங்களில் பென்சிலால் வழி கண்டுபிடிக்கச் சொன்னார். எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல் என்றார். பின்னாலிருந்து முன்னால் சொல் என்றார். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக ஒரு வெயில் துண்டு மேஜைமேல் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

பிறகு சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகளைக் கொட்டி, ஒரு அட்டையில் இருந்த கட்டம் போலவே அடுக்கச் சொன்னார். பிறந்ததிலிருந்து கட்டம் போட்ட துண்டுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். அட்டையைப் பார்த்ததும் கை தானாகப் போனது. ஒன்றை முடித்தால் அதைவிடக் கடினமாக இன்னொன்று கொடுத்தார். கடைசி அட்டையை முடித்து நிமிர்ந்தபோது அவர் கையில் இருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் படிக்கச் சொன்னார். இதற்குத் தமிழில் தயாராக எதுவும் கிடையாது, இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்து நானே எழுதி வைத்திருக்கிறேன் என்று ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே ஒரு தாளை வைத்தார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"எழுத்து உனக்கு எப்படித் தெரியுதுன்னு சொல்றியா?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஏன் படிக்கவில்லை, எங்கே கவனம், எப்போது திருந்துவாய், இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் பதிலும் என்னிடம் தயாராக இல்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னேன்.

"கிணத்துக்குள்ள கல்லு கிடக்கும்லா, தண்ணி அசையும்போது அது எங்கன கிடக்குன்னு தெரியாதுல்லா, அப்படி இருக்கும். இந்தா இருக்குன்னு கையை விட்டா வேற இடத்துல இருக்கும்."

அவர் அதை நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார். பிறகு தாளில் இருந்ததை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். மழை எப்படி உண்டாகிறது என்று ஒரு பக்கம். முடித்துவிட்டு, ஞாபகம் இருப்பதைச் சொல் என்றார். முழுவதையும் சொன்னேன். உனக்கு வீட்டில் யார் படித்துக் காட்டுவது என்று கேட்டார். தங்கை என்றேன். அவள் படிக்கக் கேட்டுத்தான் எனக்குப் பாடம் வருகிறது என்பது அதுவரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாத விஷயம். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காரவில்லை. அந்த அம்மா சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"உங்க பிள்ளைக்கு மூளையில கோளாறு இல்லை. சோம்பேறியும் இல்லை. அவ வயசுப் பிள்ளைங்க நிறைய பேரைவிட நல்ல புத்தி. எழுத்தைப் பிடிக்கிற இடத்துல மட்டும் ஒரு சிக்கல். இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. மருந்து கிடையாது, கண்ணாடியும் கிடையாது. பாடம் இவளுக்குக் காது வழியாப் போகுது. அந்த வழியை அடைச்சிராதீங்க."

அப்பா, "நாங்க ஏதும் செஞ்சதுனால வந்ததாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். இது பிறவியிலேயே வருவது, யாருடைய தப்பும் இல்லை, முழுசாகப் போகாது, ஆனால் பழகப் பழகச் சமாளிக்கலாம் என்றார். ஒரு போஸ்ட்கார்டை எடுத்து நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் மாதிரி வெட்டினார். ஒரு சமயத்தில் ஒரு சொல் மட்டும் அதற்குள் தெரியும்படி புத்தகத்தின்மேல் வைத்துப் படித்துப் பழகச் சொன்னார். அப்பா வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திருவில்லிபுத்தூர் தாண்டியிருக்கும், அப்பா மெதுவாக, "அந்தப் பேரு என்னட்டி? டிஸ்... லெக்கு..." என்று தடுமாறினார். ஒருமுறை கேட்டதை நான் மறப்பேனா? டிஸ்லெக்சியா என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ராஜபாளையம் வருவதற்குள் மறுபடி மறந்து மறுபடி கேட்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். வெயில் சாய்ந்து மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, மக்கு என்பது அந்தப் பெயர் இல்லை என்று நினைத்து நினைத்துத் தூங்கிப்போனேன்.

அம்மாவிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, அந்த வெள்ளிக்கிழமையும் புற்றுமண்ணைப் பூசிவிட்டாள். ஆனால் தங்கை சத்தமாகப் படிக்கும்போது மட்டும் சமையற்கட்டிலிருந்து யாரையும் கூப்பிடமாட்டாள். அதுவே பெரிய மாற்றம்தான்.

லீவு முடிந்த அன்று அப்பா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சர்ட்டிபிகேட்டை எழுதித் தரத் தயாராக இருந்த பெரிய டீச்சரிடம் மதுரையில் நடந்ததைத் தனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னார். பெயர் மட்டும் கடைசிவரை வரவில்லை, நான் எடுத்துக்கொடுத்தேன். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. படிக்கவே தெரியாது என்கிறீர்கள், புத்தி மட்டும் இருக்கிறது என்கிறீர்கள், இது என்ன கதை என்று கேட்டார்.

"கதையில்லை டீச்சர்" என்றார் அப்பா. "எழுதச் சொல்லாதீங்க. வாயால கேளுங்க. பதில் வரலைன்னா இப்பமே கூட்டிட்டுப் போயிருதேன்."

அப்பா யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர். அன்றும் குரல் உயரவில்லை. ஆனால் கையைக் கட்டவும் இல்லை.

டீச்சர் மேஜையில் இருந்த அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாறைகளைப் பற்றிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். தங்கையின் குரல் வந்தது. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று தொடங்கி அவள் படித்த அதே ஏற்ற இறக்கத்தோடு போய்க்கொண்டே இருந்தேன். அந்தக் குரலோடு போகும்போது எனக்குப் பயமே இல்லை. அறை, டீச்சர், மேஜை எதுவும் அங்கே இல்லை. "படம் இரண்டு பார்க்க" என்று புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் அவள் படிப்பாள், அதனால் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது டீச்சர் புத்தகத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு சிரிப்பு போய், புத்தகத்தை மூடி வைத்தார். "இத்தனை நாளா உன்னைய ஒரு வார்த்தை பேசவிடலையேம்மா நாங்க" என்றார். அப்பாவிடம், அரசாங்கப் பரீட்சையில் என்னால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இவளை வாயால் கேட்கச் சொல்கிறேன், பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

கதைகளில் வருவதுபோல நான் மாநிலத்தில் முதலாவதாக வரவில்லை. பத்தாவதில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதித்தான் தேறினேன். எழுத்து எனக்கு இரங்கவில்லை. போஸ்ட்கார்டு ஜன்னலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பழகினேன். இன்றும் ஒரு பக்கத்தைப் படிக்க மற்றவர்களைவிட நாலு மடங்கு நேரமாகும். ஆனால் படிப்பேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவுக்குப் பிறகு தறிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்கை டீச்சராகி ரிட்டயரும் ஆகிவிட்டாள். என்னைக் கேட்டால் அவள் பன்னிரண்டு வயதிலேயே டீச்சராகிவிட்டாள் என்பேன். இதை எழுதமாட்டேன் என்றாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லி எழுத வைத்தேன்.

மதுரையில் என்னைச் சோதித்த அந்த அம்மாவை அதற்குப் பிறகு பார்க்கக் கிடைக்கவில்லை. ஒருமுறை போனபோது ஓட்டுக்கூரை அறை இருந்த இடத்தில் வேறு கட்டடம் நின்றது. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அன்றைக்கு ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊர் என்ன பேசுமோ என்று அவ்வளவு பயந்தவர், மகள் சொன்ன ஒரே ஒரு உண்மையை நம்பி அந்தப் பயத்தோடேயே எதிர்த் திசையில் நடந்தார். என் பிள்ளைகள் என்னிடம் சொல்லத் தயங்கி ஏதாவது ஒன்றைச் சொல்ல வரும்போதெல்லாம், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முழுசாகக் கேட்டு முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அவரிடமிருந்து வந்ததுதான்.